ஒரு சரக்குப் பெட்டியின் ஜாதகம்

ரயிலைப் பற்றி எழுதப்பட்ட சரித்திரங்களில் பெரும்பாலானவை என்ஜினைப் பற்றிய சரித்திரங்களே. புகை கக்கிக்கொண்டு முன்னே பாய்ந்து செல்லும் நீராவி என்ஜினைக் கண்டு மயங்கிய கண், அதன் பின்னால் ஐம்பதும் நூறுமாகத் தொடர்ந்து செல்லும் பழுப்பு நிறப் பெட்டிகளின்மேல் ஒரு கணமும் தங்கியதில்லை. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரயில் கம்பெனிகளுக்குச் சம்பாத்தியம் தேடித் தந்தவை அந்தப் பெட்டிகள்தாம். பிரயாணிகள் வண்டி கம்பெனியின் கௌரவத்தைக் காப்பாற்றியது என்றால், கோதுமையும் நிலக்கரியும் மரமும் மாமிசமும் ஏற்றிய சரக்கு வண்டியே பங்குதாரரின் வயிற்றைக் காப்பாற்றியது. அப்படியிருந்தும், ஆயுள் முடிந்த என்ஜின்களில் சிலவற்றை ஊர்ப் பூங்காக்களில் நிறுத்திப் பெயர்ப்பலகை மாட்டியவர்கள், ஆயுள் முடிந்த மரப்பெட்டியை யார்டின் ஓரத்துக்குத் தள்ளித் தீயிட்டு, சாம்பலிலிருந்து இரும்பை மட்டும் பொறுக்கி விற்றுவிட்டார்கள். ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச்சாலையில் போக்குவரத்துப் பிரிவின் காப்பாளராக இருந்த ஜான் ஹெச். வைட், மரப்பெட்டிக் காலத்திலிருந்து எஃகு வந்து சேர்ந்த காலம் வரையிலான அமெரிக்கச் சரக்குப் பெட்டிகளின் கதையை ஒரு பெருநூலாக வெளியிட்டது 1993-இல்தான் என்றால், இந்த அலட்சியத்தின் ஆழத்தை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு கைவிடப்பட்ட ஒரு சரித்திரத்தை மீட்டெடுத்தவர்களில் பெரும்பகுதியினர் சர்வகலாசாலைப் பண்டிதர்கள் அல்லர். மேஜையின்மேல் ஓடும் சிறு ரயில்களைச் செய்து மகிழும் பொழுதுபோக்குக்காரர்கள். 1934-இல் மில்வாக்கி நகரத்தில் ஆல் கால்ம்பாக் என்பவர் ‘மாடல் ரெயில்ரோடர்’ என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார்; மறு வருஷம் அதே நகரத்தில் மாதிரி ரயில்காரர்களின் தேசிய சங்கம் பிறந்தது. தொடக்கத்தில் வண்டி தண்டவாளத்தைவிட்டு இறங்காமல் ஓடினாலே போதும் என்றிருந்த இந்தக் கூட்டத்திலிருந்து நாளடைவில் ஒரு சிறு பிரிவினர் விலகி நின்று, நான் செய்யும் பெட்டி உண்மையில் இருந்த ஒரு பெட்டியாக இருக்க வேண்டும், எந்தக் கம்பெனியின் எந்த எண்ணுடைய பெட்டி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்யத் தொடங்கினார்கள். தகட்டில் அடித்த ரிவெட்டுகளை எண்ணுகிறவர்கள் என்று மற்றவர்கள் இவர்களைக் கேலி செய்தார்கள். கேலி நியாயமானதே; அவர்கள் உண்மையில் எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணுவதன் காரணத்தைக் கேலி செய்தவர்கள் அறியவில்லை என்பது என் அபிப்பிராயம்.

காரணம் இதுதான். அமெரிக்கச் சரக்குப் பெட்டிக்கு நிரந்தரமான உருவம் என்று ஒன்று கிடையாது. ஒரு குறிப்பிட்ட தேதியில் அதற்கிருந்த உருவம் மட்டுமே உண்டு. கம்பெனிகள் பலவாயினும் தண்டவாளம் ஒன்றோடொன்று இணைந்திருந்தமையால், மேய்ன் மாகாணத்தில் காகிதம் ஏற்றிய பெட்டி கம்பெனிக்குக் கம்பெனி கைமாறிக் கலிபோர்னியாவுக்குப் போய் இறங்கும். அங்கிருந்து வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு, சொந்தக் கம்பெனியின் தண்டவாளத்தை மாதக்கணக்கில் காணாமல் தேசம் முழுவதும் திரியும். இந்தத் திரிதலுக்காக, அந்நியக் கம்பெனியின் பெட்டியைத் தன்னிடம் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று வாடகை கொடுக்கும் முறை 1902-இல் ஏற்பட்டது. எந்தப் பெட்டி எந்த ஊரில் முறிந்தாலும் அந்த ஊர்ப் பட்டறையில் பழுதுபார்க்க முடிய வேண்டுமாகையால், உறுப்புகள் யாவும் பொதுவான விதிகளுக்கு உட்பட்டன. விதி மாறியபோதெல்லாம் தேசத்திலுள்ள லட்சக்கணக்கான பெட்டிகளின் அங்கங்களும் மாறின. 1920-களில் அத்தேசத்தில் ஓடிய பெட்டிகள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை. ஆகவே பெட்டியின் உடம்பில் எந்த அங்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, ஜோசியன் ஜாதகக் கட்டத்தைப் பார்த்து வயதையும் தசையையும் சொல்வதுபோல, அது எந்தக் காலத்துப் பெட்டி என்று சொல்லிவிடலாம்.

இவற்றில் மிகப் பழைய விதி ரத்தத்தில் எழுதப்பட்டது. முற்காலத்தில் இரண்டு பெட்டிகளை இணைக்க ஒரு இரும்பு வளையத்தையும் முளையையும் உபயோகித்தார்கள். நகர்ந்து வரும் பெட்டிக்கும் நிற்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு மனிதன் நின்று, வளையத்தைக் கையால் வழிகாட்டி உள்ளே செலுத்தி, அது சேரும் கணத்தில் முளையைப் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொள்ளத் தவறியவர்களின் விரல்கள் போயின. கால் வழுக்கியவர்களின் உயிர் போயிற்று. வேலை தேடி வரும் பிரேக்மேனின் கையில் விரல்கள் குறைந்திருந்தால் அவன் அனுபவசாலி என்று கண்டுகொள்ளும் வழக்கம் இருந்ததாகச் சொல்லுவார்கள். உள்நாட்டுப் போரில் தென்னவர் படையில் அதிகாரியாக இருந்து, பின்னர் வர்ஜீனியாவில் ஜவுளிக்கடைக் குமாஸ்தாவாக அமர்ந்த ஈலை ஜானி என்பவர், கொக்கிபோல் மடங்கிய இரு கைகள் மோதியவுடன் தாமே பூட்டிக்கொள்ளும் கப்ளிங் ஒன்றை யோசித்து, முதலில் அதை மரத்தில் பேனாக்கத்தியால் செதுக்கிப் பார்த்ததாகக் கதை. 1873-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க ரயில் சரித்திரத்தின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று ஒரு சிறு மாதிரியிலிருந்து தொடங்கிற்று என்பதை மாதிரி செய்வோர் மறப்பதில்லை.

இதே காலத்தில், ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காப்புரிமை பெற்ற காற்று பிரேக், பிரயாணிகள் வண்டிகளில் பரவிவிட்டபோதிலும், சரக்குப் பெட்டிக்கு அந்தச் செலவைச் செய்யக் கம்பெனிகள் மனங்கொள்ளவில்லை. பனி உறைந்த கூரைமேல் ஓடி, பெட்டிக்குப் பெட்டி தாவி, பிரேக் சக்கரத்தைக் கையால் முறுக்குவதற்குப் பிரேக்மேன்கள் இருக்கிறார்களே என்பது அவர்களுடைய கணக்கு. அயோவா மாகாணத்து விவசாயியும் அங்கே ரயில்வே கமிஷனராக இருந்தவருமான லொரென்ஸோ காஃபின், ஒரு தொழிலாளி தன் விரல்களை இழந்ததைக் கண்ணெதிரே கண்டு மனம் பொறாதவராய், பத்திரிகைகளிலும் சபைகளிலும் சட்டசபை வாசல்களிலும் வருஷக்கணக்கில் மன்றாடினார். 1886-லும் 1887-லும் அதே மாகாணத்தின் பர்லிங்டனில் நீண்ட சரக்கு வண்டிகளை மலைச்சரிவில் ஓடவிட்டுப் பிரேக்குகளைப் பரீட்சை செய்தார்கள். கடைசியில் 1893 மார்ச்சில், பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிஸன் பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தானியங்கிக் கப்ளிங்கும் காற்று பிரேக்கும் கட்டாயமாயின. கெடு நீட்டிக்கப்பட்டு 1900 வரையில் இழுத்தது வேறு விஷயம். பிறகு 1911-இல், கைப்பிடிக் கம்பி எத்தனை, ஏணிப்படி எங்கே, கம்பியின் பருமன் எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்பன யாவும் அரசாங்க உத்தரவாகவே வெளிவந்தன. இன்று ஒரு மாதிரிக்காரர் தன் பெட்டியின் மூலையில் மயிரிழைபோன்ற பித்தளைக் கம்பியை வளைத்துச் சொருகும்போது, ஒரு பிரேக்மேனின் கை பற்றுவதற்கென்று சட்டம் ஒதுக்கிய இடத்தில்தான் சொருகுகிறார்.

முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதும் ரயில் போக்குவரத்து திணறிப் போயிற்று. 1917 டிசம்பரில் அரசாங்கமே ரயில்களைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டு 1920 மார்ச் வரையில் நடத்தியது. அந்தச் சொற்பக் காலத்துக்குள் அது பொதுவான மாதிரிப் படங்களை வகுத்து, ஏறக்குறைய ஒரு லட்சம் சரக்குப் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றில் 50,000 மூடிய பெட்டிகள். பாதி, உள்ளும் புறமும் பலகை அடித்து எலும்புச் சட்டம் நடுவே மறைந்தவை. மறுபாதி, பலகை உள்ளே ஒற்றையாய் நிற்க, எஃகுச் சட்டம் சாய்கோடுகளாகப் புறத்தே தெரிந்தவை. எத்தனையோ கம்பெனிகளுக்கு இவற்றைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். விரும்பி வாங்கியவர்களும் உண்டு, வேண்டாம் என்று முகஞ்சுளித்தவர்களும் உண்டு. பிறந்த அன்று உடன்பிறந்தார்போல் ஒரே முகமாக இருந்த இந்தப் பெட்டிகள், அடுத்த முப்பது வருஷங்களில் ஒவ்வொரு கம்பெனிப் பட்டறையிலும் ஒவ்வொரு விதமாக மாறிப்போயின. ஒருவர் மரப் பக்கத்தை எடுத்துவிட்டு எஃகுத் தகடு அடித்தார்; ஒருவர் கூரையை மாற்றினார்; ஒருவர் கதவை மட்டும் மாற்றினார்; ஒருவர் எதையும் தொடாமல் பலகை உளுத்துப்போகும் வரை ஓட்டினார். எனவே யுத்தகாலப் பெட்டி ஒன்றைச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாதவரையில் அவர் எதையும் சொன்னவராகமாட்டார்.

வருஷத்தை நிச்சயிப்பதற்கு மேலே உள்ள உடம்பைவிடக் கீழே உள்ள உறுப்புகளே நல்ல சாட்சிகள். நான்கு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, நம் ரயில்வேக்காரர்கள் போகி என்று சொல்வதை, முற்காலத்தில் வளைந்த இரும்புப் பட்டைகளை ஆணியால் முடுக்கி அமைத்தார்கள். ஆணி தளர்ந்தால் சட்டம் கழன்று வண்டி கவிழும். வார்ப்பு எஃகினாலான ஒற்றைச் சட்டம் வந்த பிறகும் பழையது நெடுநாள் விடாப்பிடியாக நீடித்து, 1941-இல்தான் கம்பெனிக்குக் கம்பெனி கைமாறும் போக்குவரத்திலிருந்து விலக்கப்பட்டது. பிரேக்கிலும் இப்படியே: பழைய கே வகையில் காற்றுத்தொட்டியும் உருளையும் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், 1933 முதல் புதுப் பெட்டிகளுக்கு விதிக்கப்பட்ட ஏபி வகையில் அவை தனித்தனியே அடிப்பக்கத்தில் தொங்கும், பழைய வகை முற்றிலும் விலக்கப்பட்டது 1953-இல். கூரைமேல் நடைபலகை வேண்டாம் என்று புதுப் பெட்டிகளில் விட்டுவிட்டது 1966-க்குப் பிறகு. கடையில் வாங்கும் விளையாட்டுப் பெட்டியில், 1950-களின் வர்ணமும் 1910-களின் சக்கரச் சட்டமும் கூசாமல் கூடியிருக்கும். அதைக் கண்டு இந்தப் பிரிவினர் அடையும் வேதனையைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் சோழர் காலத்துக் கோபுரத்தில் நாயக்கர் காலத்துத் தூணைக் கண்டு நம் சிற்ப அறிஞர்கள் முகஞ்சுளிப்பதை யாரும் நகைப்பதில்லை.

பென்சில்வேனியா ரயில் கம்பெனியின் எக்ஸ் 29 என்னும் எஃகுப் பெட்டி இந்த ஆராய்ச்சிக்கு நல்ல உதாரணம். 1924 முதல் பத்து வருஷங்களில் ஏறக்குறைய 30,000 பெட்டிகள் செய்தார்கள். முதலில் வந்தவற்றின் முனைச்சுவர் வெறும் தட்டைத் தகடு. பின்னால் வந்தவற்றில் அலையலையாய் வரி அழுத்திய தகடு. ஆனால் ஒரு குறை எல்லாவற்றுக்கும் பொது: உட்பலகைக்கும் புறத்தகட்டுக்கும் இடையில் ஈரம் தங்கிப் பக்கத்தகட்டின் அடிவிளிம்பு துருவேறி அரித்துப்போயிற்று. கம்பெனி பட்டறைக்கு இழுத்துவந்து அந்த விளிம்பை வெட்டிவிட்டு ஒட்டுத்தகடு வைத்தது. ஆகவே ஒட்டுத்தகடு இல்லாத எக்ஸ் 29 ஒரு காலத்தது. ஒட்டுத்தகடு உள்ளது வேறு காலத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் எஃகு பீரங்கிக்கும் கப்பலுக்கும் போய்விட, சரக்குப் பெட்டிகள் மறுபடியும் மரப் பக்கங்களோடு பிறந்தன. யுத்தம் முடிந்த பின் அவற்றுக்கு எஃகுத் தகடு போர்த்தினார்கள். காலம் எப்போதும் மரத்திலிருந்து எஃகை நோக்கியே நடந்தது என்று நினைப்பவனை இந்தப் பெட்டிகள் ஏமாற்றிவிடும்.

வர்ணத்தைப் பற்றிய ஏமாற்றம் இன்னும் பெரிது. மாமிசம், வெண்ணெய், பீர் முதலியவற்றை ஐஸில் குளிரவைத்துக் கொண்டுசெல்லும் வேகன்கள் தனியார் கம்பெனிகளிடம் வாடகைக்கு இருந்தன. வாடகைக்கு எடுத்தவர்கள் அவற்றின் பக்கங்களை விளம்பரப் பலகைகளாக்கி, மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகத் தம் பெயரையும் சித்திரத்தையும் தீட்டிவிட்டார்கள். ரயில் கம்பெனிகளோ, இலவச விளம்பரம் சரக்கு அனுப்புவோருக்குக் கொடுக்கும் மறைமுகச் சலுகை என்று முறையிட்டன. மாகாணங்களுக்கிடையிலான வர்த்தகத்தைக் கண்காணிக்கும் கமிஷன் 1934-இல் அந்த விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. வர்ணத்தில் ஆசை கொண்ட பொம்மைக் கடைக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு எட்டவே இல்லை போலும்: 1950-களின் டீசல் என்ஜினுக்குப் பின்னால் 1920-களின் விளம்பர வேகன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மை யார்டில் நின்று பார்த்தவனுக்குத் தெரிந்தது எல்லாம் பழுப்பு, மறுபடியும் பழுப்பு, நடுநடுவே நிலக்கரி ஏற்றிய கறுப்பு.

விதிவிலக்காக ஒளிர்ந்தவை பழம் ஏற்றிய வேகன்கள். யூனியன் பசிபிக்கும் சதர்ன் பசிபிக்கும் கூட்டாக 1906-இல் நிறுவிய பசிபிக் புரூட் எக்ஸ்பிரஸ் கம்பெனி, கலிபோர்னியாவின் ஆரஞ்சையும் கீரையையும் திராட்சையையும் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோவதற்காகவே ஆயிரக்கணக்கான ஐஸ் வேகன்களை ஓட்டியது. ஒவ்வொரு வேகனின் இரு முனைகளிலும் ஐஸ் அறைகள். கூரையில் நான்கு மூடிகள். ரோஸ்வில்லில் இருந்த பெரிய ஐஸ் தொழிற்சாலையின் மேடைமேல் நின்று, ஆட்கள் பாளம் பாளமாக ஐஸை அந்த மூடிகளின் வழியே தள்ளுவார்கள்; வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் மறுபடியும் நிரப்ப வேண்டும். முற்காலத்தில் ஒரு பக்கத்தில் ஒரு கம்பெனியின் முத்திரையும் மறுபக்கத்தில் மற்றதன் முத்திரையும் இருந்தன. பிற்காலத்தில் இரண்டும் இரு பக்கத்திலும் வந்தன. அந்தோணி தாம்ப்ஸன் முதலிய மூவர் சேர்ந்து இந்தக் கம்பெனியைப் பற்றி எழுதிய பெருநூலை, மாதிரிக்காரர்கள் மட்டுமல்லாமல், கலிபோர்னிய விவசாயத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்களும் படிக்கலாம். தொலைதூரச் சந்தைக்கு வழி திறந்த கதவு அந்த வேகனின் கதவுதான்.

ஆதாரங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முதல் ஆதாரம், ரயில்வே சாதனங்களின் பதிவுப் புத்தகம் என்று காலந்தோறும் வெளியாகிவந்த தடித்த தொகுதி. தேசத்தின் ஒவ்வொரு கம்பெனியின் பெட்டிகளும் எண்வரிசையாக, நீள அகல உயரங்களோடும் எண்ணிக்கையோடும் அதில் அச்சாகியிருக்கும். யார்டு குமாஸ்தாக்களுக்காக அச்சிட்ட அந்த ரசமற்ற புத்தகத்தை இன்று விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள். இரண்டாவது, பெட்டி கட்டிய தொழிற்சாலைகள் புதுப் பெட்டியை வெளியில் நிறுத்தி எடுத்த புகைப்படங்கள். இவை மிகத் தெளிவானவை, அதனாலேயே அபாயமானவை. பழைய பிலிம் சிவப்பொளியை உணராததாகையால், செம்பழுப்புப் பெட்டி படத்தில் கறுப்பாகத் தோன்றும். மேலும் அன்றைய முகம் ஒரு நாளைய முகம். மறுநாளே அது புகையும் தூசும் படிந்து வேறாகிவிடும்.

இந்த விஷயத்தில் பெரிய உபகாரம் செய்தவர் யுத்தத் தகவல் இலாகாவுக்காகப் படமெடுத்த ஜாக் டிலானோ. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இவர், 1942-இன் இறுதியிலும் 1943-இன் தொடக்கத்திலும் சிகாகோவின் யார்டுகளில் உறைபனியில் நின்று, அப்போது அபூர்வமாயிருந்த கோடக்ரோம் வர்ண பிலிமில் எடுத்த படங்கள் இன்று காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய நோக்கம் போர்க்காலத் தொழிலாளரின் உழைப்பைக் காட்டுவது. ஆனால் பின்னணியில் நின்ற பெட்டிகளின் நிறங்களை அவர் தம்மையறியாமல் பதிவு செய்துவிட்டார். ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பெட்டிகள் இரண்டு, ஒன்று புதுச் செங்கல் நிறமாகவும் மற்றது கரியப்பிய இருட்டாகவும், அடுத்தடுத்து நிற்பதைக் காண்கிறோம். ‘சரியான நிறம் எது’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது.

கட்டும் வேலையில் எதிரி அளவுதான். பெரும்பாலோர் கைக்கொள்ளும் எச்.ஓ. அளவில் ஓர் அடி என்பது மூன்றரை மில்லிமீட்டர். நாற்பதடிப் பெட்டி ஒரு சாணுக்கும் குறைவாகிவிடும். 1911 உத்தரவு அனுமதித்த மிக மெல்லிய கைப்பிடிக் கம்பி, அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, இந்த அளவில் 0.18 மில்லிமீட்டர், அவ்வளவு மெல்லிய கம்பி விரல் பட்டால் வளைந்துவிடுமாகையால், தெரிந்தே அதைவிடப் பருத்த கம்பியைப் போடுகிறார்கள். சக்கரம் இன்னும் மோசம்: நெடுங்காலம் வழக்கிலிருந்த சக்கரத்தின் அகலம் 2.8 மில்லிமீட்டர், கணக்குப்படி இருக்க வேண்டியதோ ஒன்றரைக்குச் சற்று மேல். உண்மையான அகலத்தைக் கொடுத்தால் மேஜைத் தண்டவாளத்தின் இடைவெளிகளில் சக்கரம் இறங்கிவிடும். ஆகவே நேர்மை என்பது இங்கே எங்கே பொய் சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதாக ஆகிறது. கடைசியில் எழுத்துகள்: எடை, கொள்ளளவு, கட்டிய மாதம், கடைசியாக எடை பார்த்த இடமும் தேதியும். சில வருஷங்களுக்கு ஒருமுறை பெட்டியை மறுபடி எடையிட்டு, பழைய தேதியைச் சுத்தமான வர்ணத்தால் மறைத்து அதன்மேல் புதியதை எழுதுவார்கள். அழுக்கேறிய பக்கத்தில் அந்தச் சிறு கட்டம் மட்டும் புதிதாகத் தெரியும். யார்டுக்காரர்கள் சாக்கட்டியால் கிறுக்கிய குறிகளும், பலகையில் தைத்த சரக்குச் சீட்டுகளும் இதற்கு மேல் வரும்.

இவ்வளவும் செய்து முடித்த பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: எந்தப் பெட்டிகளைச் செய்வது? இதற்கு விடை சொன்னவை, நம் நாட்டில் கார்டு என்றழைக்கப்படும் உத்தியோகஸ்தரின் கைப்புத்தகங்கள். அமெரிக்கக் கண்டக்டர் ஒவ்வொரு ஓட்டத்திலும் தன் வண்டியிலிருந்த பெட்டிகளின் கம்பெனிக் குறியையும் எண்ணையும் பென்சிலால் குறித்துவைத்தார். தப்பிப் பிழைத்த சில புத்தகங்களை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள், நிலக்கரிப் பெட்டி வீட்டை விட்டு அதிகம் விலகுவதில்லை, மூடிய பெட்டியோ தேசம் முழுவதும் ஏறக்குறைய கம்பெனிகளின் பெட்டி எண்ணிக்கையின் விகிதத்திலேயே கலந்து திரிகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். இதை மறுப்பவர்களும் உண்டு. கதிர் அறுக்கும் காலத்தில் கான்ஸாஸில் கோதுமைக்காகக் கூடிய பெட்டிகளையும், மற்ற மாதங்களில் அங்கே நின்ற பெட்டிகளையும் ஒரே விகிதத்தில் அளக்கலாமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எப்படியாயினும், மேற்கே வையோமிங்கின் பாதையை மேஜையில் அமைக்கிறவரும் தேசத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றான பென்சில்வேனியாவின் பழுப்புப் பெட்டிகள் சிலவற்றைச் செய்தே தீர வேண்டும் என்பதில் இரு தரப்பாருக்கும் சம்மதம். அவற்றுள் எக்ஸ் 29 எத்தனை, அந்த எக்ஸ் 29-களிலும் தாம் தேர்ந்துகொண்ட வருஷத்தில் அடிவிளிம்புக்கு ஒட்டுத்தகடு வைத்தவை எத்தனை என்பதில்தான் தகராறு இன்னும் தீர்ந்தபாடில்லை.